இறங்கி ஏறும் தூரம்

தெற்கிலிருந்து வரும் இரவுப் பேருந்துகள் கிளாம்பாக்கத்துக்குள் நுழையும்போது பொழுது இன்னும் முழுசாக விடிந்திருக்காது. "சென்னை வந்தாச்சு, இறங்குங்க" என்று நடத்துநர் விளக்கைப் போடுவார். கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்குகிறவர்கள் பக்கத்தில் நிற்பவரிடம் முதலில் கேட்பது, "இங்கேயிருந்து எப்படிப் போறது?" என்பதைத்தான். 2025 அக்டோபர் தொடக்கத்தில், மழை பிடிப்பதற்கு முன்னால், ஒரு விடியலில் நானும் அங்கே இறங்கினேன். அன்று முழுக்கப் பேருந்திலும் ரயிலிலுமே சென்னையைச் சுற்றுவது என்று கிளம்பி வந்திருந்தேன். ரயில்கள் எப்படி ஓடுகின்றன என்பதைவிட, ஒன்றிலிருந்து இறங்கி இன்னொன்றில் ஏறுவதற்குள் மனிதர்கள் என்ன பாடுபடுகிறார்கள் என்பதைப் பார்க்கத்தான் ஆசை.

கிளாம்பாக்கம் முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. 88 ஏக்கர். ஊர்ப்பக்கத்துப் பேருந்து நிலையங்களையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு இதன் அகலமும் சுத்தமும் மலைப்பாக இருக்கும். 2002 முதல் கோயம்பேட்டில் நின்றுவந்த தென்மாவட்ட வண்டிகளெல்லாம் இங்கே மாறிவிட்டன. மாற்றியது தவறு என்று நான் சொல்லமாட்டேன். தீபாவளி, பொங்கல் இரவுகளில் பெருங்களத்தூர் பக்கம் ஜி.எஸ்.டி. சாலையில் அசையாமல் நின்ற வண்டிகளுக்குள் உட்கார்ந்திருந்த யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் சாலைக்கு அந்தப் பக்கம் செங்கல்பட்டு – தாம்பரம் ரயில் பாதை ஓடுகிறது. முனையத்தின் வாசலில் நின்றால் மின்சார ரயிலின் ஹாரன் கேட்கிறது. ஏறத்தான் வழியில்லாமல் இருந்தது. வண்டலூருக்கும் ஊரப்பாக்கத்துக்கும் நடுவே புது ரயில் நிலையமும், முனையத்திலிருந்து அதற்குப் போக நடைமேம்பாலமும் அப்போது கட்டிக்கொண்டிருந்தார்கள். பேருந்து நிலையம் திறந்து இரண்டு வருடம் ஆகப்போகிற நேரம் அது. கோயம்பேட்டிலாவது பேருந்து நிலையத்தை ஒட்டியே மெட்ரோ இருக்கிறது. விமான நிலையத்தில் முடிந்துவிடும் மெட்ரோவைக் கிளாம்பாக்கம் வரைக்கும் சுமார் 15 கிலோமீட்டர் நீட்டுவது அப்போது காகிதத்தில்தான் இருந்தது.

நகரமோ காத்திருக்கவில்லை. 2022இல் சென்னைப் பெருநகரப் பகுதியின் எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரித்தார்கள். செங்கல்பட்டும் அரக்கோணமும் காஞ்சிபுரமும் வரைபடத்தில் சென்னையோடு சேர்ந்துவிட்டன. வரைபடத்தில் கோடு போட ஒரு ஆணை போதும். அந்தக் கோட்டுக்குள் வாழ்கிறவர் வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய்த் திரும்பப் பாதை வேண்டும், வண்டி வேண்டும், இரண்டுக்கும் நடுவே நடக்க இடம் வேண்டும்.

மாநகரப் பேருந்துகள் நிற்கும் பக்கம் நடந்துகொண்டிருந்தபோது ஒரு மூதாட்டி கையை நீட்டி நிறுத்தினார். தோளில் துணிப்பை. கக்கத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் ஆஸ்பத்திரி ஃபைல்.

"தம்பி, ஜி.ஹெச்.சுக்குப் போணும். மவன் ஆட்டோ பிடிச்சுப் போவச் சொன்னான். அவன் எழுநூறு கேக்கான். முன்னல்லாம் கோயம்பேட்டுல எறங்குனா ஒரே பஸ்ஸுதான்."

கோவில்பட்டிப் பக்கம். நெஞ்சு வைத்தியத்துக்காக வந்துபோகிறவர். ரயிலில் இடம் கிடைக்கவில்லை. "நானும் அந்தப் பக்கந்தான் ஆச்சி, வாங்க" என்றேன். தாம்பரம் போகும் வண்டிகள் வரிசையாக நின்றன. அவர் எந்தப் பலகையையும் படிக்கவில்லை. முகப்பில் பிங்க் நிறம் அடித்த வண்டியைப் பார்த்து, "அந்தா நிக்கி பாருங்க. எங்கூர்லயும் இதான்" என்று நேராகப் போய் ஏறிவிட்டார். 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. நடத்துநர் கிழித்துக் கொடுத்த இலவசச் சீட்டை அவர் ஃபைலுக்குள்ளேயே பத்திரப்படுத்தினார். தமிழ்நாட்டில் எந்த ஊரில் இறங்கினாலும் தனக்கான வண்டியை ஒரு கிழவியால் நிறத்தை வைத்தே கண்டுபிடிக்க முடிகிறது என்பது சின்ன விஷயமில்லை. பொதுப் போக்குவரத்தில் சமீபத்தில் நடந்த நல்ல காரியங்களில் இதை முதலில் வைப்பேன்.

தாம்பரத்தில் இறங்கியதும் சிரமம் தொடங்கியது. சாலையிலிருந்து ரயில் நிலையத்துக்குப் போக மேம்பாலப் படி ஏற வேண்டும். பிறகு நடைமேடைக்கு இறங்க வேண்டும். ஆச்சி ஒவ்வொரு திருப்பத்திலும் நின்றார். பையை வலத்தோளிலிருந்து இடத்தோளுக்கு மாற்றினார். ஃபைல் நழுவாமல் கையை விலாவோடு இறுக்கிக்கொண்டார். பின்னால் வந்த கூட்டம் இரண்டாகப் பிரிந்து அவரைச் சுற்றிக்கொண்டு ஓடியது. நகரும் படிக்கட்டைக் காட்டினேன். "அது வேண்டாம்யா, சேலை மாட்டிக்கிடும்" என்று சொல்லிவிட்டார். பாதி வழியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கியபடி, "இந்தப் படிக்கு அந்த ஆட்டோக்காரன் கேட்டதே தேவல" என்றார்.

அன்று முழுக்க அந்தப் பேச்சுதான் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. தாம்பரத்திலிருந்து, ஜி.ஹெச்.சுக்கு அருகிலுள்ள பூங்கா நிலையத்துக்கு மின்சார ரயிலில் 10 ரூபாய். பேருந்து இலவசம். ஆட்டோ கேட்டதோ எழுநூறு. இவ்வளவு வித்தியாசத்தையும் ஒரு படிக்கட்டு விழுங்கிவிடுகிறது. முழங்கால் வலி உள்ளவர், கைக்குழந்தைக்காரி, சக்கர நாற்காலியில் வருகிறவர், சந்தைக்குச் சரக்குக் கொண்டுபோகிறவர் எல்லாரும் இந்தப் படிக்கட்டின் கீழே நின்றுதான் கணக்குப் போடுகிறார்கள்.

தாம்பரம் – கடற்கரை மின்சார ரயில் 1931இல் ஓடத் தொடங்கியது. அப்போது மீட்டர் கேஜ். 2004இல்தான் கடைசி மீட்டர் கேஜ் மின்சார வண்டி நின்றது. சென்னையின் தென்பக்கம் இன்றைக்கு இருக்கிறபடி இருப்பதற்கு இந்த ஒரு பாதைதான் காரணம். குரோம்பேட்டையும் பழவந்தாங்கலும் ரயில் நிற்கும் இடங்களைச் சுற்றி வளர்ந்த ஊர்கள். ரயில் முதலில் வந்தது, வீடு பிறகு வந்தது. இப்போதெல்லாம் முறை தலைகீழ். ஏரிக்கரையில் அடுக்குமாடி எழுந்து, ஆட்கள் குடியேறி, ஆளுக்கொரு இருசக்கர வண்டி வாங்கி, சாலை அடைத்த பிறகுதான் ரயிலைப் பற்றிப் பேச்சே தொடங்குகிறது.

"இது பீச் வண்டியா?" என்று கேட்டுக்கொண்டே ஏறினோம். ஆச்சிக்கு ஜன்னலோரம் இடம் விட்டுக்கொடுத்தார் ஒரு கல்லூரிப் பையன். வழியில் எதிர்ப்பக்கமாக ஏசி மின்சார ரயில் ஒன்று கதவுகள் மூடியபடி போனது. 2025 ஏப்ரலில் தொடங்கிய சேவை. குறைந்தபட்சக் கட்டணம் 35 ரூபாய்; சாதாரண வண்டியில் 5 ரூபாய். ஏசி வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை, மே மாத வெயிலில் தொங்கிக்கொண்டு போனவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் அது கூடுதல் வண்டியாக வர வேண்டும். அலுவலக நேரத்தில் சாதாரண வண்டிக்குரிய நேரத்தை அது எடுத்துக்கொண்டால், விடுபட்ட கூட்டமெல்லாம் அடுத்த வண்டியின் வாசலில்தான் தொங்கும்.

மாம்பலத்தில் பாதிப் பெட்டி காலியானது. ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் முழங்கையால் வழி பிளந்துதான் தி.நகர் பேருந்து நிலையத்துக்குப் போக வேண்டும் என்பது பல தலைமுறை அனுபவம். 2023 மே மாதம் திறந்த ஆகாய நடைபாதை அதை மாற்றியது. சுமார் 570 மீட்டர் நீளம், லிஃப்டும் நகரும் படிக்கட்டும் உண்டு. ரயிலிலிருந்து இறங்கியவர் சாலையில் கால் வைக்காமலே பேருந்துக்குப் போய்விடலாம். ஒரு அடி தண்டவாளம்கூடப் புதிதாகப் போடவில்லை, ஒரு வண்டிகூட வாங்கவில்லை. ஏற்கெனவே இருந்த இரண்டைச் சேர்த்துவைத்தார்கள், அவ்வளவுதான். இப்படிப்பட்ட வேலைகளுக்கு மெட்ரோவுக்குக் கிடைக்கும் பேரும் புகழும் கிடைப்பதில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

பூங்கா நிலையத்தில் இறங்கி, சுரங்கப் பாதை வழியாக ஆச்சியை ஜி.ஹெச். வாசலில் விட்டேன். "நல்லாயிரு ராசா" என்றவர், ஓ.பி. சீட்டு வரிசையை எட்டிப் பார்த்ததும் என்னை மறந்து நடையைக் கூட்டினார்.

சென்ட்ரலுக்கு எதிரே நின்று சுற்றிலும் பார்த்தால், ஒன்றரை நூற்றாண்டில் இந்த நகரம் போட்ட பாதைகளெல்லாம் இங்கே கூடிக் கிடப்பது தெரியும். 1873இல் வந்த சென்ட்ரல் நிலையம், புறநகர் ரயில், பறக்கும் ரயில், தரைக்கடியில் மெட்ரோ, சாலையில் பேருந்து. வடக்கே கொஞ்ச தூரத்தில் இராயபுரம். 1856இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்குப் போனது. இன்னொன்று இருந்து இல்லாமல் போனது, டிராம். 1895இல் இந்தியாவிலேயே முதன்முதலாக மின்சார டிராம் ஓடியது இந்த ஊரில். 1953இல் நின்றது. அந்தப் பாதைகள் இன்று இருந்திருந்தால் என்று ஏங்குவதில் பயனில்லை. ஆனால் இருப்பதை ஒருமுறை கைவிட்டால் திரும்பப் பெற எத்தனை தலைமுறை ஆகும், எவ்வளவு செலவாகும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

பூங்கா நகர் நிலையத்தில் பறக்கும் ரயில் ஏறினேன். இதன் கதை எனக்கு எப்போதும் மனசை உறுத்துகிற கதை. 1995இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை, 1997இல் மயிலாப்பூர் வரை, 2007இல் வேளச்சேரி வரை என்று தவணை தவணையாக வந்தது. நிலம் வாங்கும் சிக்கலைத் தவிர்க்கப் பெரும்பகுதியை பக்கிங்காம் கால்வாயின் மேலேயே தூண் நட்டுக் கொண்டுபோனார்கள். 1870களின் தாது வருடப் பஞ்சத்தில் பசியால் செத்துக்கொண்டிருந்த மக்களுக்குக் கூலி கொடுத்து வெட்டிய பகுதியும் அந்தக் கால்வாயில் உண்டு. பஞ்சத்தின்போது கவர்னராக இருந்தவர் பக்கிங்காம் கோமகன். ஒரு காலத்தில் விறகும் உப்பும் நெல்லும் படகில் வந்த நீர்வழி அது. ஜன்னல் வழியே குனிந்து பார்த்தால் கருத்த தண்ணீர் தூண்களைச் சுற்றித் தேங்கி நிற்கிறது. போக்குவரத்துக்காக வெட்டிய ஒன்றின் மேல் போக்குவரத்துக்கான இன்னொன்றைக் கட்டி முதலாவதை மூச்சுமுட்ட வைத்துவிட்டோம். பெருமழையில் வெள்ளம் கடலுக்கு வடிய வேண்டிய வழியும் அதுதான்.

நிலையங்கள் பிரமாண்டமானவை. மேலே வணிக வளாகம் வரும், வாடகை வரும் என்று எண்ணிக் கட்டியவை. கடைகள் அந்த அளவுக்கு வரவில்லை. பேருந்து நிறுத்தம் ஓரிடம், ரயில் நிலையத்தின் வாசல் வேறிடம் என்று அமைந்ததால் ஆட்களும் எதிர்பார்த்தபடி வரவில்லை. கடற்கரை – எழும்பூர் நான்காவது பாதைப் பணிக்காக 2023 ஆகஸ்ட் முதல் 2024 அக்டோபர் வரை கடற்கரைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் நடுவே இந்த ரயில் ஓடவே இல்லை. இருந்தும் இதை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். என் எதிர் இருக்கையில் வீட்டுவேலை முடித்துத் திரும்பும் மூன்று அக்காக்கள் உட்கார்ந்து ஒரே டப்பாவிலிருந்து எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டார்கள். காலையில் சிந்தாதிரிப்பேட்டையில் இரண்டு வீடு, திரும்பிப்போய் வேளச்சேரியில் ஒரு வீடு.

"இது மெட்ரோகூடச் சேரப்போவுதாமே, உண்மையா சார்?" என்று அவர்களில் மூத்தவர் கேட்டார். பறக்கும் ரயிலைச் சென்னை மெட்ரோவிடம் ஒப்படைக்க 2025இல் ரயில்வே வாரியம் கொள்கையளவில் ஒப்புக்கொண்டதைச் சொன்னேன். நிலையமெல்லாம் நல்லா ஆகும், வண்டி அடிக்கடி வரும் என்றேன்.

"வரட்டும். டிக்கெட் அஞ்சு ரூவாவே இருக்குமா, அதைச் சொல்லுங்க."

என்னிடம் பதில் இல்லை. மெட்ரோவின் குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாய், அதிகபட்சம் 50. ஒரு நாளைக்கு நான்கு முறை ஏறி இறங்குகிற ஒருத்திக்கு இந்த வித்தியாசம் மாதக் கடைசியில் அரிசியாகத் தெரியும். இணைப்பு என்று சொல்லும்போது கட்டணமும் அதற்குள் வர வேண்டும். இருக்கிற பயணிகளை விலையால் விரட்டிவிட்டுக் கட்டும் அழகான நிலையத்தை என்னால் வளர்ச்சி என்று ஒப்புக்கொள்ள முடியாது.

திருமயிலையில் இறங்கி லஸ் முனைக்கு நடந்தேன். சாலையில் பாதியைத் தகரத் தடுப்புகள் அடைத்திருக்கின்றன. உள்ளே மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் மிகச் சிக்கலான நிலையங்களில் ஒன்று உருவாகிறது: மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் போகும் பாதையும், கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி போகும் பாதையும் இங்கேதான் சந்திக்கின்றன. நிலம் குறுகல் என்பதால் ஒன்றின் கீழ் ஒன்றாகத் தோண்டுகிறார்கள், ஆழம் சுமார் 35 மீட்டர். இரண்டாம் கட்டம் மொத்தம் 118.9 கிலோமீட்டர், மதிப்பீடு 63,246 கோடி ரூபாய். ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் 2024 அக்டோபரில் கிடைத்தது. பூமிக்கு அடியில் நீலகிரி, ஃபிளமிங்கோ என்றெல்லாம் பேர் வைத்த இயந்திரங்கள் மண்ணைக் குடைகின்றன. தடுப்போரத்தில் கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர், தூசியைத் துணியால் தட்டிக்கொண்டே, "முடியட்டும் சார், எம் பேரப்புள்ளைங்களுக்காவது ஆகும்" என்றார். குறை சொல்லும் தொனியே இல்லை.

எனக்கு இந்த இடத்தில் நம்பிக்கை பிறக்கிறது. வேலை முடியும்போது தரைக்கு மேலே பறக்கும் ரயில், கீழே இரண்டு மெட்ரோ, நடுவே பேருந்து என்று நான்கும் ஒரே முனையில் இருக்கும். இவற்றுக்கு நடுவே உள்ள நடையை இப்போதே, காங்கிரீட் ஈரமாக இருக்கும்போதே சரிசெய்துகொள்ள வேண்டும். நிலையத்தைக் கட்டி முடித்துவிட்டு, பிறகு சுவரை உடைத்து வழி தேடுவது இரட்டைச் செலவு. அதற்குப் பொறுப்பேற்கத்தான் கும்டா என்று எல்லாரும் சுருக்கிச் சொல்லும் ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம் இருக்கிறது. சட்டம் 2010இல் வந்தது. அமைப்பு உண்மையில் இயங்கத் தொடங்க அதன்பிறகு பத்தாண்டுகளுக்கு மேல் ஆனது. 2025 செப்டம்பரில் அவர்கள் கொண்டுவந்த 'சென்னை ஒன்' செயலியில் பேருந்து, புறநகர் ரயில், மெட்ரோ மூன்றுக்கும் ஒரே கியூஆர் சீட்டு எடுக்கலாம். அன்று மாலை நானும் அதில்தான் எடுத்தேன். சீட்டு ஒன்றாகிவிட்டது, பெரிய படி அது. அடுத்து கால அட்டவணை ஒன்றாக வேண்டும். ஆச்சி ஏறிய படிக்கட்டு எந்தச் செயலியிலும் இல்லை.

மாலையில் வேளச்சேரி. பறக்கும் ரயில் அப்போது இங்கேயே முடிந்துவிட்டது, தண்டவாளம் மட்டும் மேலே தொடர்ந்து போனது. வேளச்சேரியிலிருந்து பரங்கிமலை வரை 5 கிலோமீட்டர் நீட்டிப்பு வேலை 2008இல் தொடங்கியது. நான்கரை கிலோமீட்டர் எப்போதோ ஆகிவிட்டது. மீதி 500 மீட்டரில் ஆதம்பாக்கம் பக்கம் நிலம் வைத்திருந்தவர்கள் இழப்பீடு போதாது என்று நீதிமன்றம் போனார்கள். வருடக்கணக்கில் வழக்கு நடந்தது. அவர்களைக் குற்றம் சொல்லி எழுதியவர்கள் உண்டு. தன் வீட்டுக்குத் தக்க விலை கேட்ட மனிதனிடம் எனக்குக் கோபமில்லை. நிலம் கையில் வருவதற்கு முன்பே தூணை நடத் தொடங்கியவர்கள்தான் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். நான் போனபோது அந்த இடைவெளியில் பாலம் சேர்ந்துவிட்டிருந்தது, ரயில் இன்னும் ஓடவில்லை.

"மவுண்ட், மவுண்ட்!" என்று கூவிய ஷேர் ஆட்டோவில் ஏறினேன். உள்வட்டச் சாலையில், தலைக்கு மேலே அந்த வெறும் பாலமும் கூடவே வந்தது. பக்கத்தில் தரமணியில் வேலை பார்க்கும் பெண். வீடு சிங்கப்பெருமாள் கோயில். காலையில் மின்சார ரயிலில் பரங்கிமலை, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் வேளச்சேரி, மறுபடி பறக்கும் ரயில். சாயங்காலம் இதே வழி திரும்ப. நெரிசல் ஏறினால் இந்த 5 கிலோமீட்டருக்கு மட்டும் முக்கால் மணி நேரம்.

"இது ஓட ஆரம்பிச்சா பிரச்சினை தீர்ந்துரும்ல?" என்று மேலே காட்டினேன்.

"பாதி தீரும் சார். தாம்பரத்துக்கு அந்தாண்ட வண்டியே கம்மி. தாம்பரம் வண்டி வந்துட்டே இருக்கும், செங்கல்பட்டு வண்டிக்கு நிக்கணும். ஆறேமுக்கால் வண்டியை விட்டா வீட்டுக்குப் போக ஒன்பதாயிரும்."

பரங்கிமலையில் ஆட்டோ நின்றதும் பணத்தைக் கொடுத்துவிட்டு ஓடினார். நான் மேலே மெட்ரோவுக்கு ஏறப் போகும் வழியில் நின்று பார்த்தேன். புறநகர் ரயில், மெட்ரோ, அப்போது வரவிருந்த பறக்கும் ரயில் மூன்றுக்கும் சேர்த்து எழுப்பிய நிலையம் இது. லிஃப்ட் இருக்கிறது, அகலமான கூடம் இருக்கிறது, வெயில் மழை படாமல் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகலாம். இணைப்பு என்றால் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இந்த ஊரிலேயே முன்மாதிரி கிடைத்துவிட்டது. கீழே தாம்பரம் வண்டி ஒன்று வந்து நின்று போனது. நடைமேடையில் நின்ற கூட்டத்தில் கால்வாசிப் பேர்கூட அதில் ஏறவில்லை. அந்தப் பெண்ணும் ஏறவில்லை. எல்லாரும் செங்கல்பட்டு வண்டிக்குக் காத்திருந்தார்கள்.